யாழ் என்று பெயர் வைக்கலாமா? பெங்களூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளுக்கு யாழ் என்று பெயர் வைத்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் அவளுடைய வயது என்ன என்று கேட்டவர்களைவிட அவள் பெயரைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். ஆபீசில் பிரசவ லீவுக்குப் போகும் தோழிகள், அவர்களுக்குத் துணையாக ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாக்கள், அபார்ட்மெண்ட் பூங்காவில் தமிழ் காதில் விழுந்ததும் பேச்சுக் கொடுக்கிறவர்கள் என்று எல்லோரிடமிருந்தும் அதே பதினேழு பதினெட்டு சந்தேகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போனதால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

யாழ்னா வீணைதானே? அப்ப வீணான்னே வெச்சிருக்கலாமே?

வீணை வேறு, யாழ் வேறு. வீணையில் தந்திக்கு அடியில் மெட்டுக் கட்டைகள் உண்டு. ஒரே தந்தியை வெவ்வேறு இடத்தில் அழுத்தி வெவ்வேறு சுரம் எடுக்கலாம். யாழில் மெட்டே கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம், அவ்வளவுதான். எத்தனை சுரம் வேண்டுமோ அத்தனை நரம்பு கட்ட வேண்டும். அதனால்தான் பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று எண்ணிச் சொல்கிறார்கள். உருவமும் வேறு: கீழே பத்தர் என்ற தோல் போர்த்திய குடம், அதிலிருந்து வில் மாதிரி வளைந்து எழும் கோடு என்ற தண்டு, இரண்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய நரம்புகள். பர்மாவில் இன்றும் வாசிக்கும் சவுங் என்ற கருவியின் படத்தைப் பார்த்தால் சட்டென்று பிடிபடும்.

இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு என் மாமியார் மார்கழியில் தினமும் சொல்லும் பாட்டே சாட்சி. மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சியில் ‘இன்னிசை வீணையர் யாழினர் ஒருபால்’ என்று வருகிறது. வீணைக்காரரும் யாழ்க்காரரும் அருகருகே, ஆனால் தனித்தனியாக நிற்கிறார்கள். பின்னால் வீணை தங்கியது, யாழ் வழக்கொழிந்தது. 1892-ல் மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், பல ஆண்டுகள் உழைத்து அந்தக் கருவியையும் அதன் இசைக் கணக்கையும் ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதினார். அது 1947-ல் வெளியானது, அதே ஆண்டில் அவரும் மறைந்தார்.

யாராவது கேட்டா ஒரே வரியில என்ன அர்த்தம் சொல்றது?

தமிழருக்கு: ‘குழலினிது யாழினிது’ குறளில் வரும் யாழ். அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம், முகம் மலர்ந்துவிடும். குழந்தையின் மழலையைக் கேட்காதவர்கள்தான் குழலும் யாழும் இனிது என்பார்கள் என்கிறது 66-ஆம் குறள். ஒரு குழந்தைக்கு அந்தப் பெயரையே வைப்பதில் வள்ளுவரைச் சின்னதாக மடக்கிய திருப்தி எனக்கு. அல்சூர் ஏரிக்கரையில் அவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்து 2009-ல் திறந்தது இந்த ஊர்த் தமிழர் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெயர் வைத்த மறுவாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போனோம்.

மற்றவர்களுக்கு: பழைய தமிழ் ஹார்ப். அது போதும். வரலாறு எல்லாம் சொல்ல ஆரம்பித்தால் லிஃப்ட் அவர்கள் மாடிக்கு வந்துவிடும்.

யாளின்னு கோயில் தூண்ல இருக்குமே, அந்த மிருகத்துல இருந்து வந்த பேராமே?

யாழின் நுனியில் யாளித் தலை செதுக்கியிருந்ததால் யாழ் என்று பெயர் வந்தது என ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அது ளகரம், இது ழகரம். தமிழில் ‘வாள்’ வேறு ‘வாழ்’ வேறு. யாப்பு, யாக்கை என்பவற்றில் உள்ள ‘யா’வுக்குக் கட்டுதல் என்று பொருள், நரம்பு கட்டிய கருவி என்பதால் யாழ் என்பது இன்னொரு விளக்கம். கேட்க இது கொஞ்சம் பொருத்தமாக இருக்கிறது.

வேர் எதுவாக இருந்தாலும் சொல் மிகப் பழையது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்று போய் யாழில் வந்து நிற்கிறது. அதே நூலில் இன்னொரு விதி உண்டு: யகர வரிசையில் ‘யா’ என்ற ஒரே எழுத்துதான் சொல்லுக்கு முதலில் வரும். யமுனா, யுவன், யோகா எல்லாம் அந்தக் கணக்கில் வெளியூர்ச் சொற்கள். யாழ் உள்ளூர்.

கருவி எப்படிப் பிறந்திருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த காட்சி பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. மாடு மேய்க்கும் ஒருவன் குழல் ஊதுகிறான். அது அலுத்ததும் உள்ளே துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து விரலால் தெறித்துக் குறிஞ்சிப் பண் வாசிக்கிறான். அரண்மனையும் வேண்டாம் குருவும் வேண்டாம், ஒரு கொம்பும் நாரும் பொழுது போகாத மத்தியானமும் போதும் அவனுக்கு. எங்கள் வீட்டில் இதுதான் தூங்கவைக்கும் கதை.

இது சிலோன் பேரு இல்லையா?

யாழ்ப்பாணம் காதில் பழகியதால் வரும் சந்தேகம். அந்த ஊர்ப்பெயரே யாழிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். பார்வையற்ற யாழ்ப்பாணன் ஒருவன் அரசன் முன் வாசித்து, பரிசாகப் பெற்ற மணல் நிலம் அது என்பது அங்கே சொல்லும் கதை. ஈழத்து வழக்கில் ‘யாழ்’ என்றாலே ஊரின் சுருக்கம். கொழும்பிலிருந்து போகும் ரயிலுக்கு யாழ்தேவி என்று பெயர். ஆகவே ஈழத் தமிழர் காதில் இந்தப் பெயர் ஊர் ஞாபகத்தையும் கிளப்பும். எனக்கு அது கூடுதல் லாபம் என்றுதான் படுகிறது. என்னிடம் இப்படிக் கேட்டவர் அதைக் குறையாகச் சொன்னார், அதனால் பதிலை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

பொண்ணு பேரா, பையன் பேரா?

இரண்டுக்கும் வைக்கலாம். இப்போதைய பழக்கத்தில் பெண்ணுக்குத்தான் அதிகம் காதில் விழுகிறது. யாழினி, யாழிசை, யாழ்மொழி, யாழரசி எல்லாம் பெண் பெயர்கள். பையனுக்கு யாழன், யாழ்வேந்தன் என்று நீட்டி வைக்கிறார்கள்.

ஆனால் பழைய கதைகளில் யாழைத் தோளில் சுமந்தவர்கள் பெரும்பாலும் பாணர்கள், ஆண்கள். ஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போன திருநீலகண்ட யாழ்ப்பாணர் நாயன்மார்களில் ஒருவர். தருமபுரத்தில் அவருடைய உறவினர்கள், இவர் யாழில் வாசிப்பதால்தான் சம்பந்தர் பாட்டுக்கே புகழ் என்று பேச, அவர் பதறிப்போய், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரையே கேட்டுக்கொண்டார். சம்பந்தர் பாடினார். வாசிக்க முடியாமல் யாழை உடைக்கப் போனவரைச் சம்பந்தரே தடுத்தார். அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்று பெயர். ஆகவே பையனுக்கு வைத்தால் யாராவது ‘பொம்பளைப் பேரு’ என்றால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இப்ப எல்லாரும் இதைத்தான் வெக்கறாங்களாமே? கிளாஸ்ல நாலு யாழ் இருக்குமா?

பெயர் வலைத்தளங்களில் இத்தனையாவது இடம், இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். இங்கிலாந்து, அமெரிக்கா போல ஆண்டுதோறும் அரசு வெளியிடும் குழந்தைப் பெயர்ப் பட்டியல் நம் நாட்டில் இல்லை. யார் எண்ணினார்கள் என்று கேட்டால் பதில் வராது.

காதில் விழுவதை வைத்துச் சொல்கிறேன். ழகரப் பெயர்களுக்கு இப்போது நல்ல காலம். மகிழ், இதழ், ஆழி, எழில், குழலி, யாழினி என்று பூங்காவில் கூப்பிடுகிறார்கள். 1916-ல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்திலிருந்து ஓடிவரும் நீரோட்டம் அது. வேதாசலம் என்ற தன் பெயரையே அவர் மாற்றிக்கொண்டார். நடுவில் ‘ஷ்’, ‘ஸ்ரீ’ என்று சில பத்தாண்டு போய், இப்போது சின்னப் பெயர் வேண்டும், தமிழாகவும் இருக்க வேண்டும் என்கிறவர்கள் இங்கே வந்து சேர்கிறார்கள். என் மகள் பள்ளியில் யாழினி இரண்டு பேர். யாழ் இவள் ஒருத்திதான். கோயம்புத்தூரில் இருந்தால் கதை வேறாக இருக்கலாம்.

‘யா’ கேட்டை நட்சத்திரத்துக்குத்தான் வருமாமே? எங்க குழந்தை ரோகிணி.

நட்சத்திர எழுத்துப் பட்டியலில் கேட்டைக்கு நோ, யா, யி, யு. அதில் ‘யா’ இரண்டாம் பாதம். உண்மைதான். கேட்டை என்றதும் சில வீடுகளில் முகம் சுருங்குவதும் உண்மைதான், ‘மூத்தவருக்கு ஆகாது’ என்று ஒரு பேச்சு இருக்கிறதே. என் மகள் கேட்டையும் இல்லை. எங்கள் வீட்டில் நட்சத்திரப்படி ஒரு பெயரைப் புண்ணியாகவாசனத்தன்று காதில் மூன்று முறை சொன்னோம், பதிவில் யாழ் என்று எழுதினோம். சாஸ்திரம் பார்க்கிற பெரியவர்களுக்கும் இதில் மறுப்பு இல்லை. ஜாதகப் பெயர், கூப்பிடும் பெயர் என்று இரண்டு வைப்பது புதிதல்ல.

ராசிப் பொருத்தமே வேண்டும் என்றால் மிதுனக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு. கதாயுதமும் வீணையும் ஏந்திய இரட்டையர்தான் மிதுன ராசியின் உருவம். நம் பழைய அகராதிகள் மிதுனத்துக்கு யாழ் என்றே இன்னொரு பெயர் சொல்கின்றன.

எங்க வீட்லயே ‘யாள்’னுதான் சொல்றாங்க. அப்ப வேற யாரு சரியா சொல்லப் போறா?

இதைச் சொல்லாமல் பெயர் வைத்துவிட்டுப் பிறகு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தெற்கே ழ, ள ஆகிவிடும். சென்னைப் பக்கம் ய ஆகிவிடும். என் கணவர் வீட்டில் அவள் ‘யாள்’, என் சித்தி வீட்டில் ‘யாய்’. குழந்தைக்கே ழகரம் கடைசியாகத்தான் வரும். மூன்றரை வயது வரைக்கும் ‘என் பேரு யாய்’ என்றுதான் இவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். பதற வேண்டாம்.

சொல்லும் முறையை நன்னூல் நாலு சொல்லில் முடித்துவிடுகிறது: ‘அண்ணம் நுனிநா வருட’ ரவும் ழவும் வரும். வருட என்பதுதான் முக்கியம். நாக்கை உள்பக்கமாக மடக்கி மேலண்ணத்தை நோக்கிக் கொண்டுபோங்கள், ஆனால் ஒட்டிவிடாதீர்கள். ஒட்டினால் ள. காற்று தடைபடாமல் வழுக்கிக்கொண்டு போனால் ழ. கன்னடக்காரத் தோழிகளுக்கு நான் சொல்லும் குறுக்குவழி: நாக்கை மடக்கி வைத்துக்கொண்டே ‘ர’ சொல்லுங்கள்.

அப்படியே இன்னொன்று. ‘ழ தமிழுக்கு மட்டுமே உரியது’ என்று பெருமையடிப்பதை விட்டுவிடலாம். மலையாளத்தில் அதே எழுத்து தினப்புழக்கத்தில் இருக்கிறது. எங்கள் மாடியில் இவள் பெயரை முதல் தடவையே சரியாகச் சொன்னவர் ஒரு மலையாளச் சேச்சிதான்.

பெங்களூர்ல இதை வெச்சா குழந்தை காலம் பூரா திருத்திக்கிட்டே இருக்கணுமே?

கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். மறைக்க மாட்டேன். தடுப்பூசி போடப் போன இடத்தில் நடந்தது இது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் கன்னடத்தில் ‘ஹெசரு?’ என்றாள். ‘யாழ்’ என்றேன். ‘யாரு’ என்று அவள் காதில் விழுந்திருக்கிறது. கன்னடத்திலும் யாரு என்றால் யார்தான். ‘அதான் மேடம், குழந்தை பெயர் யாருன்னு கேக்கறேன்’ என்றாள். ‘யாழ்’ என்றேன் மறுபடி. பின்னால் வரிசையில் நின்றவர் சிரித்துவிட்டார். கடைசியில் சீட்டை வாங்கி நானே எழுதினேன். கால் மணி நேரம் கழித்து ஸ்பீக்கரில் ‘பேபி யாஷ்’ என்று கூப்பிட்டார்கள். நடிகர் யஷ்ஷின் ஊர், வேறு எப்படிப் படிப்பார்கள்? ஃபைலில் ஆண் குழந்தை என்று வேறு குறித்து வைத்திருந்தார்கள்.

ஆனால் கன்னடத்துக்கு இந்த ஒலி அந்நியம் இல்லை என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் போய்விட்டது. பழைய கன்னடத்தில் ழகரம் இருந்தது, அதற்குத் தனி எழுத்தும் இருந்தது. காலப்போக்கில் அது ளகரத்தோடு கலந்துவிட்டது. நம் மழை அவர்களுக்கு மளெ, நம் கோழி அவர்களுக்குக் கோளி, நம் ஏழு அவர்களுக்கு ஏளு. கணினி எழுத்துக் குறியீட்டுத் தரமான யூனிகோடில் அந்தப் பழைய எழுத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது, ஆங்கிலப் பெயரைத்தான் தவறுதலாக ‘ஃபா’ என்று வைத்துவிட்டார்கள். மகளின் கன்னட ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் ‘ஹளெகன்னடதல்லி இத்து’ (பழைய கன்னடத்தில் இருந்தது) என்று சந்தோஷமாகத் தலையாட்டி, கரும்பலகையில் அந்த எழுத்தை எழுதியும் காட்டினார். அன்றிலிருந்து வகுப்பில் அவள் ‘யாளு’. பக்கத்து மொழிக்காரர்கள் பாசமாக ஒரு உகரம் சேர்ப்பதைத் திருத்தப் போகக்கூடாது என்பது என் கட்சி. யாஷைத் திருத்துங்கள், யாளுவை விட்டுவிடுங்கள்.

இங்கிலீஷ்ல எப்படி எழுதறது? இதுதான் பெரிய தலைவலி.

ஆமாம், இதுதான். பெயரை முடிவு செய்யும் அன்றே இதையும் முடிவு செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். நான் பார்த்த வகைகள் நாலு. ஒய்-ஏ-இசட்-எச். நடுவில் இரண்டு ஏ போட்டது. இசட்-எச்சுக்குப் பதில் எல் போட்டது. ஈழத்தவர் எழுதும் ஆர்-எல்.

ஒற்றை ஏ வைத்தால் இங்கே யஷ், யாஸ், யாஜ் மூன்றில் ஒன்று நிச்சயம். எல் வைத்தால் ‘யால்’ ஆகிவிடும், ஆனால் யாரும் தடுமாற மாட்டார்கள். ஆர்-எல் உச்சரிப்புக்கு உண்மையில் ரொம்ப நெருக்கம், ஆனால் இந்தியாவில் பழக்கமில்லாததால் எழுத்துப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்கள். நாங்கள் இரண்டு ஏ, இசட்-எச் எடுத்தோம். நெடில் என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆலப்புழா, கோழிக்கோடு போகும் பஸ் பலகைகளை இசட்-எச்சோடு பார்த்துப் பழகிய ஊர் இது, பாதிப் பேருக்காவது இது ஒரு தென்னாட்டு ஒலி என்று பொறி தட்டும்.

எதை எடுத்தாலும் ஒன்றையே எல்லா இடத்திலும் போடுங்கள். எங்கள் தடுப்பூசி அட்டையில் ஒரு ஏ, பிறப்புச் சான்றிதழில் இரண்டு ஏ. பள்ளிச் சேர்க்கையின்போது இரண்டும் ஒரே குழந்தைதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். ஒரு எழுத்துக்காக ஒரு நாள் லீவு.

நியூமராலஜி பார்த்து ஒரு ஏ எடுக்கச் சொல்றாங்க. என்ன பண்ண?

இங்கே புழங்கும் கணக்கில் ஒய்-க்கு 1, ஏ-க்கு 1, இசட்டுக்கு 7, எச்சுக்கு 5. ஒரு ஏ வைத்தால் 14, கூட்டினால் 5. இரண்டு ஏ வைத்தால் 15, கூட்டினால் 6. இரண்டையும் நல்ல எண் என்பவர்கள்தான் அதிகம். முந்தைய பதிலில் சொன்ன யஷ் தொல்லையை மனதில் வைத்துக்கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

சான்றிதழ்ல கன்னடத்திலயும் பேர் வருமாமே, அதுல ழ கிடையாதே?

வரும். கர்நாடகத்தில் பிறப்புச் சான்றிதழ் கன்னடம், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கும். கன்னடத்தில் ளகரம் போட்டு எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் ஆங்கில எழுத்தைப் பார்த்து ஜகரமோ ஷகரமோ போட்டுவிடுவார்கள். ஒரு சின்னத் தாளில் கன்னடத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் அரை நிமிடத்தில் எழுதித் தருவார்.

அவசரப்பட்டு ஆஸ்பத்திரியிலேயே பெயர் எழுத வேண்டியதில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும், பெயர் இல்லாமலும் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அதில் விழும் எழுத்துதான் கடைசி வரை வரும்.

ரொம்பச் சின்னப் பேரா இருக்கே. யாழினின்னு வெச்சா பாதுகாப்பு இல்லையா?

யாழினி நல்ல பெயர். இனி என்ற முடிவு இருப்பதால் கன்னடக்காரர், இந்திக்காரர் வாயிலும் மாலினி, ஷாலினி மாதிரி சுலபமாக உட்கார்ந்துகொள்ளும். தொல்லை குறைய வேண்டும் என்றால் தயங்காமல் அதையே வையுங்கள். நாங்கள் யோசித்துவிட்டுத்தான் விட்டோம். எங்களுக்கு அந்த ஒற்றை அசை பிடித்திருந்தது. யாப்பில் இது ‘நாள்’ வாய்பாடு, குறளின் கடைசிச் சீராக நிற்கக்கூடிய அளவு.

கூப்பிடச் சிரமமா என்றால், வீட்டில் யாரும் முழுசாகக் கூப்பிடுவதில்லை. யாழு, யாழி, யாழ்க்குட்டி. மாடியிலிருந்து பூங்காவுக்குக் கத்தும்போது ‘யாஆஆழ்’ என்று நெடிலை இழுக்க நல்ல வசதி. கடைசியில் வரும் ழ் எட்டாவது மாடியிலிருந்து கீழே போய்ச் சேராது, அதற்குள் அவள் திரும்பிவிடுவாள்.

ஃபார்ம்ல சர்நேம் கேக்கறாங்க. நம்மகிட்ட இனிஷியல்தானே இருக்கு?

எல்லாத் தமிழ்ப் பெயருக்கும் உள்ள தொல்லைதான், ஆனால் இவ்வளவு சின்னப் பெயருக்கு இன்னும் கூடுதல். இனிஷியலை மட்டும் போட்டால் சில இணையப் படிவங்கள் ‘குறைந்தது இரண்டு எழுத்து’ என்று அடம்பிடிக்கும். நாங்கள் சான்றிதழிலேயே யாழ் என்று எழுதி, அடுத்து அப்பா பெயரை முழுதாகச் சேர்த்துவிட்டோம்.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் செல்லும். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று சொல்லி, நம் ஆட்கள் பலர் திண்டாடிப் போனார்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கினார்கள். இப்படி எந்த நாடு எப்போது என்ன கேட்கும் என்று சொல்ல முடியாது. பிறக்கும்போதே இரண்டு பகுதியாக எழுதிவிடுவது நிம்மதி.

மாமியார் சாமி பேர்தான் வெக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. எப்படிச் சம்மதிக்க வெக்கறது?

சண்டை போடாதீர்கள். முதல் பதிலில் சொன்ன திருப்பள்ளியெழுச்சி வரியைப் பாடிக் காட்டுங்கள், பிறகு யாழ்ப்பாண நாயனார் கதையைச் சொல்லுங்கள். என் மாமியார் அந்த இரண்டில் பாதி இறங்கி வந்தார். மீதிப் பாதிக்குத்தான் காதில் சொன்ன நட்சத்திரப் பெயர், அது அம்மன் பெயர். இன்றைக்கும் அவர் மட்டும் அவளை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார், அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறாள்.

ஸ்கூல்ல கிண்டல் பண்ண மாட்டாங்களா?

பண்ணினார்கள். இந்தி பேசும் பிள்ளைகளுக்கு ‘யார்’ என்றால் நண்பன். ‘ஹே யார்’ என்று கொஞ்ச நாள் ஓடியது. இவள் முதலில் அழுதாள். அப்புறம் ‘ஆமா, நான் எல்லாருக்கும் ஃப்ரெண்டு’ என்று சொல்லிவிட்டு வந்தாள், அத்தோடு அதில் ருசி போய்விட்டது. எல்லாக் குழந்தையும் இப்படிச் சமாளித்துவிடும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு ஒரு வருடம் சிரமமாக இருக்கலாம்.

நாங்க ஏற்கெனவே வெச்சாச்சு, ஆதார்ல தப்பா ஏறிடுச்சு. இப்ப?

முதலில் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் அதைக் காட்டி ஆதாரைத் திருத்தலாம். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு தடவைதான் மாற்ற விடுவார்கள், ஆகவே கன்னட எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒரே நடையில் சரிபார்த்துக் கொடுங்கள். ஆங்கிலத்தில் அடித்ததும் கன்னடம் தானாக வந்து விழும் திரையில்தான் யாழ் யாஜ் ஆகிறது. பணியாளர் பட்டனைத் தட்டும் முன் திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சான்றிதழிலேயே தப்பு என்றால் அதைப் பதிவாளரிடம் திருத்திவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

உண்மையைச் சொல்லு, மறுபடி ஒரு குழந்தை பிறந்தா இதே மாதிரிப் பேர் வெப்பியா?

என் அக்கா கேட்டது. போன மாதம் ஒரு பல் ஆஸ்பத்திரி மேசையில் வழக்கம்போல ‘பெயர்?’ என்றார்கள். நான் வாயைத் திறக்கும் முன் இவளே எக்கி நின்று சொல்ல ஆரம்பித்தாள்: ‘ஒய், ஏ, ஏ, இசட், எச். இசட் ஃபார் ஜீப்ரா, ஆனா ஜீப்ரா மாதிரி சொல்லக் கூடாது. நாக்கை மடக்குங்க.’ மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிஜமாகவே நாக்கை மடக்கிப் பார்த்தார். மூன்றாவது முயற்சியில் வந்தது. அக்காவுக்கு அந்தக் கதையைத்தான் பதிலாக அனுப்பினேன்.